காதைப் படித்த பெரியவர் அந்தோனியோ வல்சால்வா



பள்ளி மலர் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் முதலில் செய்வது என்ன? வகுப்புப் படத்தைத் தேடி எடுப்போம். இவன் யார் மகன், அவள் யார் பேத்தி என்று விரலை வைத்துப் பார்ப்போம். அப்பாவின் மூக்கு இருக்கிறது, அம்மாவின் கண் இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். ஆனால் காதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுகிறோமா? இல்லை. முகத்தின் இரண்டு பக்கமும் எந்நேரமும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும் உறுப்பு அது. அப்படியிருந்தும் நம் கண்ணில் படுவதே இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கையை எடுத்து உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் சுருண்ட ஒரு மேடு. அதற்குள்ளே இன்னொரு மேடு. நடுவில் கிண்ணம் போல ஒரு குழி. குழியின் வாசலில் காவல்காரனைப் போல ஒரு சிறு துண்டு. கீழே மெத்தென்று தொங்கும் சோணை. இவ்வளவு வளைவும் நெளிவும் எதற்கு? சும்மா அழகுக்காகவா?

இந்தக் கேள்வியை ஒரு மனிதர் விடாமல் கேட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினாறு ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். அவர்தான் இத்தாலி நாட்டு மருத்துவ மேதை அந்தோனியோ மரியா வல்சால்வா. மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் உச்சரிக்கும் பெயர் அது. அவருடைய வாழ்க்கை வரலாற்றையே இந்த மலரில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். மருத்துவக் கதைதானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் இது நம் வீட்டுப் பிள்ளையின் கதையாக வந்து நிற்கும்.

பிறப்பும் படிப்பும்

இத்தாலியின் வடபகுதியில் பொலோன்யா என்று ஒரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. 1088ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கணக்கு. அந்த நகரத்துக்கு அருகில் உள்ள இமோலா என்னும் சிற்றூரில் 1666ஆம் ஆண்டு வல்சால்வா பிறந்தார். குடும்பம் ஓரளவு வசதியானதுதான். ஊரிலேயே பாதிரிமார்களிடம் தொடக்கக் கல்வி பயின்றார். பிறகு மருத்துவம் படிக்கப் பொலோன்யாவுக்குப் போனார்.

அங்கே அவருக்கு ஒரு பெரும் பேறு கிடைத்தது. மார்செல்லோ மால்பீகி என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். மால்பீகி யார் தெரியுமா? உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே உயிர்களின் உடலை உற்று நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர். இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆனால் போகிற குழாயிலிருந்து வருகிற குழாய்க்கு இரத்தம் எப்படித் தாண்டுகிறது என்பது அவருக்குப் புலப்படவில்லை. 1661ஆம் ஆண்டு ஒரு தவளையின் நுரையீரலை உற்றுப் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களைக் கண்டு சொன்னவர் மால்பீகி.

அப்படிப்பட்ட ஆசிரியரிடம் வல்சால்வா என்ன கற்றார்? பெரிய பெரிய தத்துவங்களையா? இல்லை. நூலில் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாமல், நம் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, பல தடவை பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தைத்தான் கற்றார். 1687ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார்.

பதினாறு ஆண்டு உழைப்பு

பட்டம் பெற்ற இளைஞர் பணக்கார நோயாளிகளைப் பார்த்துப் பணம் சேர்த்திருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. மனித உடலில் யாரும் சரியாக முழுமையாகப் படிக்காத ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் காது.

அந்தக் காலத்தில் உடலை அறுத்துப் படிப்பது என்பது நாம் நினைப்பது போல எளிதான காரியமல்ல. குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மின்விளக்கு கிடையாது. கையுறையும் கிடையாது. இறந்தவரின் உடல் கெட்டுப்போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஆகவே குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் இந்தப் பாடங்கள் நடக்கும். பொலோன்யாப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில், முழுவதும் மரத்தால் இழைத்த ஓர் உடற்கூற்று மண்டபம் உண்டு. நடுவில் ஒரு மேசை. சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள். இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டு, அந்த மண்டபம் குண்டு வீச்சில் சிதைந்தது. சிதறிய மரத்துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து மீண்டும் கட்டினார்கள். இன்றும் அதைப் பார்க்க மக்கள் போகிறார்கள்.

காதைப் படிப்பது இன்னும் கடினம். வெளியே தெரிவது தோலும் குருத்தெலும்பும்தான். மற்றதெல்லாம் தலை எலும்புக்குள்ளே புதைந்து கிடக்கிறது. அதிலும் மனித உடலிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் அது ஒன்று. அதற்குள்ளே இருக்கும் மூன்று சிறு எலும்புகளையும் சேர்த்து ஒரு கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துவிடலாம். கெட்டியானதை உடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லியது உடையக் கூடாது. எவ்வளவு பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்!

இந்த ஆராய்ச்சிக்காக வல்சால்வா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளை அறுத்துப் படித்தார் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒன்றில் கண்டதை அடுத்ததில் சரிபார்ப்பார். அடுத்ததில் வேறுவிதமாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். இப்படியாகப் பதினாறு ஆண்டுகள் ஓடின. 1704ஆம் ஆண்டு மனிதக் காதைப் பற்றிய அவருடைய நூல் இலத்தீன் மொழியில் பொலோன்யாவில் வெளிவந்தது. அதில் அவர் காதை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்று இன்று நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கிறார்களே, அந்தப் பாகுபாடு இவர் நூலிலிருந்து வந்ததுதான்.

அவர் கண்ட புறச்செவி

உட்செவியும் நடுச்செவியும் மறைவாக இருப்பவை. அவற்றில் புதுமை இருப்பதில் வியப்பில்லை. எல்லோர் கண்ணுக்கும் எதிரே இருக்கும் புறச்செவியிலும் யாரும் கவனிக்காதவற்றைக் கண்டு எழுதினாரே, அதுதான் வல்சால்வாவின் பெருமை. வாருங்கள், அவர் வழியிலேயே நாமும் ஒரு சுற்றுப் பார்த்து வருவோம்.

முதலில் செவிமடல். இது வளையும் தன்மையுள்ள குருத்தெலும்பால் ஆனது. மேலே மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. மடக்கிவிட்டால் மடங்கும், கையை எடுத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். கீழே தொங்கும் சோணையில் மட்டும் குருத்தெலும்பு இல்லை. அங்கே கொழுப்பும் தோலும்தான். நம் முன்னோர்கள் காதணி விழாவில் அந்த இடமாகப் பார்த்துக் குத்தினார்களே, அது எவ்வளவு பொருத்தம்! சோணையில் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். புண் சீக்கிரம் ஆறிவிடும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வர வேண்டும். அதனால் மடலின் மேற்பகுதியில் குத்தி அங்கே சீழ் பிடித்தால் ஆறுவது சிரமம். காதின் உருவமே கெட்டுப்போகலாம்.

மடலுக்குத் தசைகளும் உண்டு. மாடும் நாயும் ஓசை வரும் பக்கம் காதைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கும் அதே தசைகள் சிறியவையாக, ஏறக்குறைய வேலை இழந்தவையாக இருக்கின்றன. சில பிள்ளைகள் காதை ஆட்டிக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பார்கள் அல்லவா? அவர்கள் ஆட்டுவது அந்தத் தசைகளைத்தான். வல்சால்வா இந்தச் சின்னஞ்சிறு தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விவரித்தார். மடலைத் தலையோடு கட்டிப் பிடித்திருக்கும் நார்களையும் விவரித்தார். காதுக் குழியின் வாசலில் காவல்காரனைப் போல ஒரு துண்டு இருக்கிறது என்று சொன்னேனே, அதன் மேல் உள்ள ஒரு சிறு தசைக்கு மருத்துவ அகராதிகளில் வல்சால்வாவின் தசை என்றே ஒரு பெயர் உண்டு. அந்த நார்களுக்கும் அவர் பெயர்தான்.

இந்த மேடு பள்ளமெல்லாம் எதற்கு என்ற கேள்விக்குப் பின்னால் வந்த அறிஞர்கள் விடை கண்டார்கள். ஓசை முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா, மேலிருந்தா கீழிருந்தா என்பதை மூளை கண்டுபிடிக்க இந்த வளைவுகளே உதவுகின்றன. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஓசை இந்த மேடுகளில் வெவ்வேறு விதமாகப் பட்டுத் தெறிக்கிறது. பிறந்தது முதல் அதைக் கேட்டுக் கேட்டு மூளை பழகிவிடுகிறது. ஆகவே யாருடைய மடலும் வீணாக நெளிந்திருக்கவில்லை.

அடுத்தது காதுக் குழாய். பெரியவர்களுக்கு இதன் நீளம் சுமார் 2.5 செ.மீ. நேரான குழாய் அல்ல, சற்று வளைந்து போகும். வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. உட்புறத்து மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. வெளிப்புறப் பங்கில்தான் நுண்ணிய முடிகளும் மெழுகு சுரக்கும் சுரப்பிகளும் இருக்கின்றன. காதைச் சேர்ந்த தோலில் உள்ள சுரப்பிகளையும் வல்சால்வா கவனித்து எழுதியிருக்கிறார்.

நாம் குறும்பி என்று முகம் சுளிக்கிறோமே, அது அழுக்கல்ல. அது காதின் காவல். தூசியையும் பூச்சியையும் பிடித்து வைக்கும். தோல் வறண்டுபோகாமல் காக்கும். கிருமி வளராமல் ஓரளவு தடுக்கும். இன்னொரு விந்தை கேளுங்கள். காதுக் குழாயின் தோல் உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதற்கு உதவுகிறது. பழைய குறும்பி தானாகவே வாசலுக்கு வந்துவிடும். கொண்டை ஊசியும் கோழி இறகும் தீக்குச்சியும் போட்டுக் குடைந்தால் என்ன ஆகும்? தானாக வெளியே வர இருந்ததை நாமே உள்ளே தள்ளி அடைத்துவிடுகிறோம்.

காது குடையும்போது சிலருக்கு இருமல் வரும், கவனித்திருக்கிறீர்களா? காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகும் ஒரு பெரிய நரம்பின் சிறு கிளை காதுக் குழாய்க்கும் வருகிறது. அங்கே தொட்டால் இங்கே இருமல்!

குழாயின் கோடியில் இருப்பது செவிப்பறை. சுமார் 1 செ.மீ. அகலம், ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். ஒரு தாளின் கனம்தான், அவ்வளவே! நம்முடைய பேச்சு, பாட்டு, தாலாட்டு எல்லாம் இந்த மெல்லிய சவ்வில் மோதித்தான் உள்ளே போக வேண்டும். புறச்செவியின் எல்லை இங்கே முடிகிறது.

மருத்துவமனையில்

நூல் எழுதியதோடு வல்சால்வாவின் வேலை முடிந்துவிடவில்லை. 1705ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பாடம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதோடு பொலோன்யாவின் சாந்த் ஓர்சோலா மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். அந்த மருத்துவமனை இன்றும் அந்நகரில் இயங்கி வருகிறது.

அவரிடம் வந்த நோயாளிகளில் காதில் சீழ் வடிபவர்களும் உண்டு. அக்காலத்தில் கிருமி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. மாத்திரை கிடையாது, ஊசி மருந்து கிடையாது. வல்சால்வாவுக்குத் தெரிந்ததெல்லாம் காதின் அமைப்புத்தான். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நோயாளியை வாயை மூடச் சொல்லி, மூக்கைப் பிடிக்கச் சொல்லி, மூச்சை வெளியே தள்ளச் சொன்னார். காற்று அந்தக் குழாய் வழியாக நடுச்செவிக்குள் போய், ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாகச் சீழை வெளியே தள்ளியது. இந்த முறை அவருக்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அதைக் காரண காரியத்தோடு விளக்கியவர் இவர் என்பதால் வல்சால்வா முறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. விமானம் ஏறி இறங்கும்போது காது அடைத்துக்கொண்டால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுகிறார்களே, அதுவும் இதேதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. சளி பிடித்திருக்கும்போதும் காதில் சீழ் இருக்கும்போதும் நாமாக இதைச் செய்து பார்க்கக் கூடாது. பலமாக ஊதவும் கூடாது. இன்று சீழுக்கு நல்ல மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் போவதே முறை.

அந்தக் குழாயைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதை நன்றாக ஆராய்ந்த வல்சால்வா தம் பெயரை அதற்குச் சூட்டிக்கொள்ளவில்லை. தமக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பற்றி விரிவாக எழுதிய பார்தொலோமியோ யூஸ்டாக்கியின் பெயரைத்தான் சூட்டினார். இன்றும் அது யூஸ்டாக்கியன் குழாய் என்றே வழங்குகிறது. தாம் சுமந்த பாரத்துக்கு இன்னொருவர் பெயரை எழுதி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும், சொல்லுங்கள்?

ஒரு செவிடரின் உடலை அவர் இறந்த பின் ஆராய்ந்தபோது, நடுச்செவியின் மிகச் சிறிய எலும்பாகிய அங்கவடி எலும்பு அசையாமல் ஒட்டிக் கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டார். காது கேளாமை என்பது தலைவிதியும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. அதற்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடினால் அகப்படும் என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. அந்த எலும்புக் கோளாற்றுக்கு இன்று அறுவைச் சிகிச்சையே இருக்கிறது.

அவருடைய இளகிய மனத்துக்கு இன்னும் ஒரு சான்று உண்டு. அந்நாளில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைப்பார்கள், அடிப்பார்கள். வல்சால்வா தம் பொறுப்பில் இருந்தவர்களை அப்படி நடத்த ஒப்பவில்லை. நோயாளியை நோயாளியாகவே நடத்த வேண்டும் என்றார். அறுவைச் சிகிச்சையில் இரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் வழக்கத்தையும் அவர் விரும்பவில்லை. இரத்தக் குழாயை நூலால் கட்டுவதே மேல் என்று எடுத்துக்காட்டினார்.

ஆசிரியரும் மாணவரும்

பரிசளிப்பு விழா மலரில் இந்தக் கதையைச் சொல்லத் தோன்றியதற்கு இனி வரும் பகுதியே முக்கியக் காரணம்.

1698ஆம் ஆண்டு பதினாறு வயதுப் பையன் ஒருவன் பொலோன்யாவுக்குப் படிக்க வந்தான். ஜொவான்னி பத்திஸ்தா மோர்காக்னி என்பது அவன் பெயர். ஃபோர்லி என்னும் ஊர்க்காரன். வல்சால்வா அவனைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காதைப் பற்றிய நூலுக்கான ஆராய்ச்சியில் அந்த இளைஞனும் துணை நின்றான். ஆசிரியர் கத்தியை எப்படிப் பிடிக்கிறார், கண்டதை எப்படிக் குறித்து வைக்கிறார், தவறு நேர்ந்தால் எப்படி ஒத்துக்கொள்கிறார் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தான். பிறகு பதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவரே பேராசிரியர் ஆனார்.

வல்சால்வாவுக்குக் காலம் நெருங்கியது. பக்கவாத நோயைப் பற்றி அவர் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். உடலின் வலப்பக்கம் செயலிழந்தால் மூளையின் இடப்பக்கத்தில் கேடு இருக்கும். இடப்பக்கம் செயலிழந்தால் வலப்பக்கத்தில் இருக்கும். இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து இதை அவர் காட்டினார். அதே மூளை நோய்தான் அவரையும் கொண்டுபோயிற்று. 1723ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பொலோன்யாவில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவர் வயது அறுபதைக்கூடத் தொடவில்லை.

அவர் எழுதி வைத்த குறிப்புகள் பல அச்சேறாமலேயே கிடந்தன. அப்படியே விட்டிருந்தால் செல்லரித்துப் போயிருக்கும். மாணவர் மோர்காக்னி விடவில்லை. ஆசிரியரின் எழுத்துகளையெல்லாம் திரட்டி, சரிபார்த்து, ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றையும் தாமே எழுதிச் சேர்த்து, 1740ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு! இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் அடியில் உள்ள மூன்று சிறு குடைவுகளை வல்சால்வா கண்டறிந்த செய்தியும் அந்தப் பதிப்பின் மூலம்தான் உலகுக்குத் தெரிந்தது. அவற்றுக்கும் இன்று அவர் பெயரே வழங்குகிறது.

மோர்காக்னி அத்தோடு நிற்கவில்லை. 1761ஆம் ஆண்டு, தமது எழுபத்தொன்பதாம் வயதில், ஒரு பெரும் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு நோயும் உடலின் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதை எழுநூறு அளவிலான உடல்களைக் கொண்டு அந்த நூல் விளக்கியது. இன்றைய நோய்க்கூற்றியல் படிப்பே அதிலிருந்து பிறந்தது எனலாம். அந்த நூலிலும் ஆசிரியர் வல்சால்வா கண்டவற்றை அவர் பெயர் சொல்லியே எழுதினார். மால்பீகி, அவர் மாணவர் வல்சால்வா, அவர் மாணவர் மோர்காக்னி. பார்த்தீர்களா, மூன்று தலைமுறை! ஒருவர் ஏற்றிய விளக்கில் இன்னொருவர் திரி கொளுத்திக்கொண்டார். பள்ளிக்கூடம் என்பது இதற்காகத்தானே இருக்கிறது?

நம் பிள்ளையின் காது

பெற்றோர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம்.

வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை இருப்பான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்ப்பான். சொல்வதெழுதுதலில் பாதிக்கு மேல் தவறு. வீட்டில் தொலைக்காட்சியை உரக்க வைப்பான். ஏன் என்று கேட்டால் விழிப்பான். நாம் என்ன செய்கிறோம்? மந்தம் என்கிறோம், பிடிவாதம் என்கிறோம், சொல்பேச்சுக் கேட்காதவன் என்கிறோம். அவன் சொல்பேச்சுக் கேட்காதவனா, அல்லது சொல் அவன் காதில் விழவே இல்லையா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தோமா?

சின்னப் பிள்ளைகளுக்கு யூஸ்டாக்கியன் குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருக்கும். அதனால் சளி பிடித்தால் நடுச்செவியில் நீர் கட்டிக்கொள்வது எளிது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல மங்கலாகக் கேட்கும். பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். ஓர் ஆண்டு அப்படி ஓடிவிட்டால், அவன் படிப்பில் ஓர் ஆண்டு போய்விட்டது என்றே பொருள்.

ஆகவே அன்புகூர்ந்து சில காரியங்களை மனத்தில் வையுங்கள்.

பிள்ளையின் காதைத் திருகாதீர்கள். கன்னத்தோடு சேர்த்து அறையாதீர்கள். கை காதின் மேல் மூடி விழுந்தால் உள்ளே அடைபட்ட காற்று தாள் கனத்துச் செவிப்பறையைக் கிழித்துவிடக் கூடும். இது பெற்றோர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களாகிய எங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்வது.

காதுக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள். வெளியே தெரிவதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். சீழ் வடிகிற காதில் காய்ச்சிய எண்ணெயையும் இலைச்சாற்றையும் ஊற்றாதீர்கள். பாட்டி அன்பினால்தான் ஊற்றுகிறார், அதில் ஐயமில்லை. ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே உள்ளே போய்விடும். சீழ் கண்டால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, போய்க் காட்டிவிட்டு வாருங்கள். கைக்குழந்தைக்குப் படுக்க வைத்தபடி புட்டிப்பால் கொடுக்காதீர்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவன் பார்க்காதபடி பின்னால் நின்று, மெல்லிய குரலில் அவனுக்குப் பிடித்த பலகாரத்தின் பெயரைச் சொல்லுங்கள். திரும்பினால் சந்தோஷம். இரண்டு மூன்று முறை சொல்லியும் திரும்பவில்லை என்றால் திட்ட வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிக் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முன்வரிசையில் இடம் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. திருவள்ளுவர் கேள்வி என்று தனியாக ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். திருக்குறளில் அது 42ஆவது அதிகாரம். கேட்பதால் வரும் அறிவு அவ்வளவு பெரிது என்பதால்தான் அப்படிச் செய்தார். பக்கத்தில் இருக்கும் நண்பனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன் முகத்தைப் பார்த்து, நிதானமாக, மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்கள். ஆசிரியரிடமும் போய்ச் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது, உதவி.

வல்சால்வா மறைந்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. எல்லோரும் பார்த்துக்கொண்டே பாராமல் விட்ட ஒன்றை அவர் பதினாறு ஆண்டுகள் நின்று பார்த்தார். அவ்வளவு காலம் நமக்கு வேண்டாம். இன்று விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் சாய்த்து, அந்தக் காதை ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு மெதுவாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.